அரசுக் கட்டட வேலையில் அப்பாவைக் கான்ட்ராக்டர் ஆக்கிவிட்டார்கள், இப்போது கூலி பாக்கிக்கு அவர்தான் பொறுப்பாம்

மேஸ்திரி_மகன்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கம்பி கட்டுகிற மேஸ்திரி. விருத்தாசலம் பக்கத்து ஊர்களிலிருந்து 14 ஆள் அவரோடு வேலைக்குப் போவார்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். 2024 கடைசியில் ஒரு மத்திய அரசு நிறுவனத்துக்குக் கட்டடம் கட்டும் வேலை வந்தது. டெண்டர் எடுத்த கம்பெனி பெயரும் ஊர் பெயரும் இங்கே வேண்டாம், இன்னும் பணம் வர வேண்டியிருக்கிறது.

முன்னால் எல்லாம் என்.எம்.ஆர். கணக்குதான். டைம் ஆபீஸில் ஒவ்வொரு ஆளின் பெயரும் ஏறும், தினக்கூலி, மாதம் ஒரு பட்டுவாடா, வாரா வாரம் செலவுக் காசு. இந்தத் தடவை சைட்டுக்குப் போன முதல் வாரமே "இனி நீங்கள் பி.ஆர்.டபிள்யூ. (பீஸ் ரேட் ஒர்க்கர், முடித்த அளவுக்குத்தான் காசு), பான் கார்டும் பேங்க் பாஸ்புக்கும் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி ஒரு ஒர்க் ஆர்டரில் கையெழுத்து வாங்கினார்கள். முழுக்க ஆங்கிலம். அப்பாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். டன்னுக்கு 7,000 ரூபாய், வெட்டி வளைத்துக் கட்டி முடித்துத் தர வேண்டும், மற்றதெல்லாம் அவர் பொறுப்பு.

கணக்கைப் பாருங்கள். நன்றாக ஓடிய மாதம் 38 டன், பில் 2,66,000. ஆளுக்குச் சராசரி 750 கூலி, 25 நாள், 14 பேர் என்றால் 2,62,500 கொடுத்தாக வேண்டும். ஆக, கான்ட்ராக்டர் அப்பாவுக்கு நின்றது 3,500 ரூபாய், அதுவும் பிடித்தத்துக்கு முன்னால். பிடித்தம் போனால் கையைக் கடித்தது. ஆனால் மோசமான மாதம்தான் ஆளைக் கொன்றது. டிராயிங் வரவில்லை, கிரேன் பக்கத்து பிளாக்குக்குப் போய்விட்டது, கம்பி லோடு வரவில்லை. வேலை நடந்தது 12 நாள், 19 டன், பில் 1,33,000. அதில் டி.டி.எஸ். என்கிற வரிப் பிடித்தம் 1,330, வேலை முடியும் வரை நிறுத்தி வைக்கிற ரிடென்ஷன் 5 சதவீதம் 6,650, செலவு என்று கழிக்கிற டெபிட் நோட் 11,400 (ஹெல்மெட், ஷூ, பைண்டிங் ஒயர் கூடுதல் செலவு, கேம்ப் கரண்ட் என்று என்னென்னவோ), அப்புறம் ஆறு பேருக்கு மட்டும் காட்டிய பி.எஃப்.பில் ஆள் பங்கு, கம்பெனி பங்கு இரண்டும் சேர்த்து 13,500. கையில் வந்தது 1,00,120. வேலை நடந்த நாளுக்குக் கூலியும் சும்மா இருந்த நாளுக்கு ஆளுக்கு 200 செலவும் கொடுத்ததில் அப்பாவுக்குப் போனது 1,62,400. மிச்சம் 62 ஆயிரம் சொச்சத்துக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது.

ஐட்லிங், அதாவது சும்மா இருந்த நாளுக்குக் காசு கேட்டால் "நீ கான்ட்ராக்டர், உன் ரிஸ்க்". சரி, கான்ட்ராக்டர் என்றால் சும்மா இருக்கிற நாளில் ஆளைக் கூட்டிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போகலாம் இல்லையா? போனால் கேட் பாஸ் ரத்து என்றார்கள்.

2025 செப்டம்பரில் வேலை முடிந்தது. ஃபுல் அண்ட் ஃபைனல் என்று, பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூ பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டு, கடைசி இரண்டு பில்லையும் ரிடென்ஷனையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆட்களுக்கு 1,90,000 பாக்கி. அவர்கள் அப்பாவைத்தானே கேட்பார்கள். கம்பெனியோ "நாங்கள் கான்ட்ராக்டரிடம் கணக்கு முடித்துவிட்டோம்" என்கிறது.

கேள்வி ஒன்றுதான். இந்த 14 பேருக்கு முதலாளி யார்?

பில்லிங்_கை

தம்பி, நான் இந்த மாதிரி கம்பெனிகளில் பில்லிங் இன்ஜினியராக இருந்தவன், இப்போது அந்தத் தொழிலில் இல்லை, அதனால் சொல்லலாம்.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது தனி ஆளின் அக்கிரமம் என்று நினைக்காதீர்கள், இது ஏற்பாடு. டெண்டர் குறைந்த விலைக்குப் போகிறது. மத்தியப் பொதுப்பணித்துறை விலைப்பட்டியலில் ஒப்பந்தக்காரர் லாபமும் மேற்செலவும் 15 சதவீதம் சேர்த்துத்தான் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் விலை கட்டுவார்கள். ஆனால் போட்டியில் மதிப்பீட்டுக்குக் கீழே போய் எடுத்தவன் அந்த லாபத்தை எங்கேயாவது தேட வேண்டும். சிமெண்ட், கம்பி விலையில் கை வைக்க முடியாது, கம்பி விலை கூடினால் பல ஒப்பந்தங்களில் அதற்கு ஈடு கேட்க வழியும் உண்டு. மிச்சம் இருப்பது கூலி. அதை டன்னுக்கு, சதுர மீட்டருக்கு என்று மாற்றிவிட்டால் டிராயிங் லேட், மழை, கிரேன் ரிப்பேர் எல்லாவற்றுக்குமான செலவும் கீழே இறங்கிவிடும். கம்பெனி மேலே துறையிடம் காலதாமதத்துக்கு கிளெய்ம் எழுதும், கோடிக்கணக்கில் எழுதியிருக்கிறோம், அதில் "ஐடில் லேபர்" என்று ஒரு தலைப்பே உண்டு. அந்த லேபருக்குக் கீழே நாங்கள் ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டோம்.

டெபிட் நோட் பற்றி ஒன்று. மாதக் கடைசியில் புராஜெக்ட் மேனேஜர் காஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்ப்பார், கூலிச் செலவு பட்ஜெட்டைத் தாண்டியிருந்தால் "பி.ஆர்.டபிள்யூ. பில்லில் கொஞ்சம் பாருங்க" என்பார். அவ்வளவுதான் உத்தரவு. எதைப் பார்ப்பது என்பது எங்கள் கற்பனைத் திறன்.

நேர்மை_நெப்போலியன்

படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் அழுவது ஏன்? யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லையே. ரேட் கட்டவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

மேஸ்திரி_மகன்

விட்டுவிட்டு வந்தால் ரிடென்ஷன் போகும், நடப்பு பில் போகும், ஆட்களுக்குக் கொடுத்த அட்வான்ஸும் போகும். முதல் மாதம் ரேட் கட்டவில்லை என்று தெரியும்போதே கம்பெனியிடம் அப்பா பணம் மாட்டியிருந்தது. கத்தியெல்லாம் தேவைப்படவில்லை சார்.

லேபர்_கோர்ட்_வாசல்

வழக்கறிஞர். தொழிலாளர் பக்கம்தான் நிற்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒர்க் ஆர்டரில் கான்ட்ராக்டர் என்று எழுதியிருப்பதால் ஒருவர் கான்ட்ராக்டர் ஆகிவிட மாட்டார். இது இன்று நேற்று வந்த சட்டம் இல்லை. 1956-இல் தாரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கு. கட்ச் பகுதி உப்பளத்தில் அகரியாக்கள் என்ற உப்புத் தொழிலாளர்கள். கம்பெனி பாத்தி ஒதுக்கித் தரும், பருவத் தொடக்கத்தில் அட்வான்ஸ் தரும், உப்பு எடை போட்டு மணங்குக்கு இவ்வளவு என்று காசு. அவர்கள் தங்கள் செலவில் கூடுதல் ஆள் வைத்துக்கொள்ளலாம், வேலை நேரத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. கம்பெனி சொன்னது: இவர்கள் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள். உச்ச நீதிமன்றம் சொன்னது: இல்லை, இவர்கள் தொழிலாளர்கள். எடைக்குக் கூலி வாங்குவதும், துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதும் அதை மாற்றாது, அவர்களும் தங்கள் கையால் வேலை செய்கிறார்கள், வேலையை மேற்பார்வை செய்வது கம்பெனி. தம்பியின் அப்பா தானும் உட்கார்ந்து கம்பி கட்டினாரா? கட்டியிருந்தால் இந்த வழக்குதான் உங்களுக்கு முதல் படி.

அடுத்து, 1978-இல் கோழிக்கோட்டு ஹுசைன்பாய் வழக்கு. கயிறு தயாரிக்கும் ஆலை, நடுவில் ஒப்பந்தக்காரர்கள். முதலாளி "இவர்கள் என் ஆட்கள் இல்லை" என்றார். நீதிபதி கிருஷ்ணய்யர் திரையை விலக்கிப் பார்த்தார்: யாருடைய தொழிலுக்காக உழைக்கிறார்களோ, யார் கையில் அவர்கள் பிழைப்பு இருக்கிறதோ, அவர்தான் முதலாளி. இதன் பிறகு 2001-இல் ஸ்டீல் அதாரிட்டி தீர்ப்பு வந்து பாதையைக் குறுக்கியது என்பது உண்மை. ஆனாலும் ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் தொழிலாளர்கள் நேரடி ஊழியர்கள்தான் என்ற வாசலை அது மூடவில்லை.

கம்பியும் கிரேனும் கம்பெனியுடையது. டிராயிங் கம்பெனியுடையது. எந்த பிளாக்கில் எந்த நாள் வேலை என்று சொல்வது கம்பெனி இன்ஜினியர். ஆளை வேறு சைட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ரேட்டும் கம்பெனி வைத்ததுதான். இவரிடம் சொந்தமாக இருந்தது கம்பி வளைக்கிற சாவியும் கொக்கியும். நஷ்டம் மட்டும் இவருடையது.

இது அரசு வேலை என்பதால் இன்னொன்று. 1982 ஆசிய விளையாட்டுக்காக டில்லியில் ஸ்டேடியம், மேம்பாலம் எல்லாம் கட்டியபோது குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9.25 ரூபாய். ஒப்பந்தக்காரர்கள் அதை ஆள் கூட்டி வந்த ஜமாதார்களிடம் கொடுத்தார்கள், ஜமாதார் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8.25 கொடுத்தார். மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்கானது. நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றார். "அது ஒப்பந்தக்காரர் செய்தது" என்று அரசு கைகழுவ முடியாது என்றும் சொன்னார். அந்த ஒரு ரூபாயின் பெயர் இப்போது டெபிட் நோட்.

மத்திய அரசு வேலை என்றால் 2024 அக்டோபர் 1 முதல் கட்டுமானத்தில் ஏ பிரிவு நகரங்களில் உதவியாளுக்கே குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 783, திறன் தொழிலாளிக்கு 954 என்று இருந்தது. உங்கள் சைட் எந்தப் பிரிவில் வருகிறது என்று பார்க்க வேண்டும், மற்ற பிரிவுகளுக்குத் தொகை குறைவு. சராசரி 750 என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூலி கொடுத்த நாளுக்கு.

சென்ட்ரிங்_சித்தப்பு

நானும் மேஸ்திரிதான், சென்ட்ரிங் வேலை. எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், கொஞ்சம் என்னையும் கேளுங்கள்.

தினக்கூலி என்றால் எட்டு மணி நேரம் நின்றால் போதும் என்று நிற்பான். சதுர மீட்டர் ரேட் என்றால் என் ஆள் காலையில் ஏழு மணிக்கே பலகை அடிப்பான், மாலை நாலு மணிக்கு முடித்துவிட்டு ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு பார்ப்பான். நல்ல சைட், மெட்டீரியல் சரியாக வருகிற சைட் என்றால் பீஸ் ரேட்தான் எங்களுக்கும் லாபம். என்னைப் போய்த் தொழிலாளி ஆக்கி பி.எஃப். பிடித்து, லீவு கணக்குப் பார்த்து, யார் கேட்டது? எனக்கு நான் மேஸ்திரி என்கிற மரியாதை வேண்டும்.

தம்பியின் அப்பா செய்த தப்பு, ஐட்லிங் பற்றி ஒர்க் ஆர்டரில் எழுதி வாங்காதது.

பில்லிங்_கை

சித்தப்பு, எழுதி வாங்கிய ஒரு பி.ஆர்.டபிள்யூ.வை எனக்குக் காட்டுங்கள், அவர் பாஸ்புக்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். ஒர்க் ஆர்டர் ஃபார்மட் தலைமை அலுவலகத்திலிருந்து வருவது. ரேட் எழுதுகிற கட்டத்தைத் தவிர வேறு எதையும் சைட்டில் மாற்ற முடியாது. எங்களுக்கே அனுமதி கிடையாது.

சென்ட்ரிங்_சித்தப்பு

அது உண்மைதான். நானும் வாயால்தான் பேசிக்கொண்டேன், மேனேஜர் மாறினதும் போச்சு.

சித்தாள்_பொண்ணு

மேஸ்திரியையும் தொழிலாளி என்று சேர்த்துக்கொண்டு எல்லோரும் உருகுகிறீர்கள், நல்லது. ஆனால் மேஸ்திரிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று யாரும் பேசக் காணோம்.

எங்கள் அம்மா சித்தாள். அரசு பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம், ஏரி மதகு என்று வேலை செய்த இடமெல்லாம் அரசு வேலைதான். அப்பாவும் அம்மாவும் ஜோடியாகப் போவார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மஸ்டர் ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் அப்பா பெயர் மட்டும். அம்மா கல் சுமந்த நாளெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை. சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது, அப்போது எங்கள் அம்மா பிறக்கவே இல்லை. ஒரே கான்கிரீட் தட்டை ஒரே மாடிக்குத் தூக்கினாலும் பெண்ணுக்குப் பாதியோ முக்காலோதான்.

அப்புறம் கூலியை பேங்கில் போட வேண்டும் என்று விதி வந்ததும் எங்கள் மேஸ்திரி எல்லோருடைய ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். முழுக்கூலி கணக்கில் ஏறும், அன்றைக்கே அவர் எடுத்துவிட்டு இவ்வளவு என்று கையில் கொடுப்பார். ஆடிட்டில் எல்லாம் சுத்தம். ஆகவே தம்பி, கோபப்படாதீர்கள், உங்கள் அப்பா தலைக்கு எவ்வளவு எடுத்தார் என்பதையும் எழுதினால் கணக்கு முழுசாக இருக்கும்.

மேஸ்திரி_மகன்

கோபம் இல்லை அக்கா, கேட்க வேண்டிய கேள்விதான். என்.எம்.ஆர். காலத்தில் தலைக்கு 50 எடுத்தார், எல்லோருக்கும் தெரிந்தே. ஆள் கூட்டி வருகிற பஸ் செலவு, அட்வான்ஸ் வட்டி எல்லாம் அதில்தான். இந்த வேலையில் அந்த 50 கூட நிற்கவில்லை. கார்டு யாருடையதும் அவரிடம் இல்லை, எல்லாம் ஜி.பே.யில் போட்டது, அதனால் யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு போனிலேயே இருக்கிறது.

ஆடிட்டர்_மாமா

போனில் கணக்கு இருப்பது பெரிய விஷயம், அதை அழித்துவிடாதீர்கள்.

என் பக்கத்திலிருந்து கொஞ்சம். என்னிடம் வருகிற மேஸ்திரிகள் பெரும்பாலும் நோட்டீஸோடுதான் வருவார்கள். சம்பளம் என்றால் கம்பெனி 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 192-ஆவது பிரிவில் போக வேண்டும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் கூடவே வரும். 194சி-யில் கான்ட்ராக்டர் என்று போட்டால் தனிநபருக்கு 1 சதவீதம் பிடித்தால் கதை முடிந்தது. அந்த 1 சதவீதத்தை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய பொறி ஜி.எஸ்.டி. சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். 15 ஆள், 800 கூலி, மாதம் 26 நாள் என்று போடுங்கள், மாதம் 3,12,000, வருஷத்துக்கு 37 லட்சத்துக்கு மேல். அத்தனையும் ஆட்களின் கூலி, இவர் கையில் தங்குவது சோற்றுக்குத்தான், ஆனால் காகிதத்தில் இவர் 37 லட்சம் டர்ன்ஓவர் உள்ள நிறுவனம். கம்பெனிக்காரர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 20 லட்சத்தை நெருங்கும்போது "வீட்டம்மா பான் கார்டு கொண்டுவா" என்பார்கள். மறு மாதத்திலிருந்து வீட்டம்மா கான்ட்ராக்டர், அவருக்கு வேலை எந்த ஊரில் என்றே தெரியாது. தம்பி, உங்கள் அம்மா பெயரிலும் ஏதாவது பில் போட்டிருக்கிறார்களா என்று, பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டுகிற ஃபார்ம் 26ஏ.எஸ். எடுத்துப் பாருங்கள்.

பி.எஃப்.பில் முதலாளி பங்கைத் தொழிலாளியிடம் பிடிப்பது சட்டத்துக்கு நேர் விரோதம். அப்பா கான்ட்ராக்டர் என்றால் அவர் பில்லில் பிடித்தது சரி என்று வாதிடுவார்கள். அதனால்தான் அவரை கான்ட்ராக்டர் ஆக்கினார்கள்.

ஈஸ்ட்ஹாம்_எலக்ட்ரீஷியன்

இங்கே லண்டனில் நான் பார்க்கிறது அச்சு அசல் இதேதான், கோட்டு சூட்டு மட்டும் வேறு.

கட்டடத் தொழிலாளர்களுக்கென்றே சி.ஐ.எஸ். என்று ஒரு வரி ஏற்பாடு. பதிவு செய்த சப்-கான்ட்ராக்டருக்கு 20 சதவீதம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள், பதிவு இல்லையென்றால் 30. ஏழு மணிக்கு வா, இந்த ஹெல்மெட் போடு, இந்தத் தளத்தில் வயர் இழு என்று எல்லாம் ஃபோர்மேன் சொல்வார், ஆனால் நான் "சுயதொழில் செய்பவர்". ஊழியர் என்றால் வருஷத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும், முதலாளி தன் பங்காகத் தேசியக் காப்பீடு கட்ட வேண்டும், 2025 ஏப்ரல் முதல் அது 15 சதவீதம். சுயதொழில் என்றால் இரண்டும் மிச்சம். 2014-இல் ஏஜென்சி வழியாக இப்படிக் காட்டுவதை அரசு இறுக்கியது. உடனே அம்ப்ரெல்லா கம்பெனி என்று ஒன்றைக் கொண்டுவந்து, பேருக்கு ஊழியராக்கி, முதலாளி கட்ட வேண்டிய காப்பீட்டையும் நமக்குப் பேசிய ரேட்டிலிருந்தே கழித்துக்கொண்டார்கள். மருத்துவமனை, ரயில் பாதை என்று அரசுப் பணத்தில் நடக்கிற வேலைகளிலும் இதே கதை.

1972-இல் இங்கே கட்டடத் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள், "லம்ப்" என்று அப்போது அழைத்த இந்த மொத்தக் கூலி முறையை ஒழிக்க வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. ஷ்ரூஸ்பரி பக்கம் மறியலுக்குப் போனவர்களில் சிலரைச் சிறையில் போட்டார்கள். அந்தத் தண்டனைகளை நீதிமன்றம் ரத்து செய்தது 2021-இல். அதற்குள் பல பேர் செத்துப்போனார்கள்.

நேர்மை_நெப்போலியன்

இதெல்லாம் வடக்கத்திக்காரன் குறைந்த கூலிக்கு வந்ததால் வந்த வினை. அவனை நிறுத்தினால் நம் ஆளுக்கு ரேட் தானாக ஏறும்.

பில்லிங்_கை

அவர்களுடைய மேஸ்திரியான சர்தாருக்கும் இதே ஒர்க் ஆர்டர்தான், இதே டெபிட் நோட்தான். ஒரு வித்தியாசம், அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் திரும்ப வந்து கேட்க டிக்கெட் காசு இல்லை என்பது கம்பெனிக்குத் தெரியும். நான் பார்த்த வரைக்கும் ஃபுல் அண்ட் ஃபைனலை இழுத்தடித்தது அவர்களிடம்தான் அதிகம்.

ஓய்வுபெற்ற_ஏ.இ.

அரசுத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். துறைப் பக்கம் யாரும் பேசவில்லை, நான் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 21-ஆவது பிரிவு என்ன சொன்னது என்றால், கூலிப் பட்டுவாடா நடக்கும்போது முதன்மை முதலாளியின் பிரதிநிதி, அதாவது எங்கள் ஆள், அங்கே நின்று பார்த்துச் சான்று எழுத வேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுக்கவில்லையென்றால் துறையே கொடுத்துவிட்டு அவர் பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் என்ன நடந்தது? பில்லோடு ஒரு சான்றிதழ் வரும், "கூலி முழுமையாக வழங்கப்பட்டது" என்று தட்டச்சு செய்து. என் மேசையில் வைத்தே கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்னால் இருந்தவரும் போட்டார், பின்னால் வந்தவரும் போடுகிறார். கான்கிரீட் கியூப் உடைத்துப் பார்க்க லேப் உண்டு, கூலி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க யாரும் இல்லை. அளவு எழுதுகிற எம்.புக்கில் கம்பியின் விட்டம், நீளம், எண்ணிக்கை எல்லாம் எழுதுவோம், கட்டினவன் பெயர் எங்கேயும் வராது.

துறை நினைத்தால் முடியாதா என்றால் முடியும். பணம் எங்கள் கையில்தான் இருக்கிறது, ஒப்பந்தக்காரரின் செக்யூரிட்டி டெபாசிட் எங்களிடம்தான் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதத்தைப் பில்லிலேயே பிடித்து அனுப்புகிறோமே, அது மட்டும் தவறுகிறதா? ஆனால் பில்லை நிறுத்தினால் வேலை நிற்கும், வேலை நின்றால் மேலிடத்திலிருந்து "திறப்பு விழா தேதி என்ன ஆச்சு" என்று போன் வரும். அந்தப் போனுக்குப் பயந்துதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம், லஞ்சத்துக்காக என்று எல்லோரும் நினைப்பார்கள். சில இடங்களில் அதுவும் உண்டு.

லேபர்_கோர்ட்_வாசல்

ஐயா வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் சொன்ன 21-ஆவது பிரிவுதான் இந்தப் பையனுக்கு ஆயுதம். இதில் கம்பெனிகள் ஒளிந்துகொள்கிற இடம் எண்ணிக்கை. அந்தச் சட்டம் 20 பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்குத்தான் பொருந்தியது. அதனால்தான் கேங்கை 14, 16, 19 என்று உடைத்து உடைத்து ஒர்க் ஆர்டர் போடுகிறார்கள். ஒரே கேட்டில் நுழைந்து ஒரே இன்ஜினியருக்குக் கீழே வேலை செய்த எல்லா கேங்கையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது நம் வாதமாக இருக்கும். 2025 நவம்பர் 21-இல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது இந்த எண்ணிக்கை 50 ஆகிவிட்டது, அதாவது ஒளிந்துகொள்கிற இடம் இன்னும் பெரிதாகிவிட்டது. உங்கள் பாக்கி அதற்கு முந்தைய மாதங்களுடையது என்பதால் பழைய சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டே மனு எழுதலாம். பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் ஓராண்டுக்குள் போக வேண்டும் என்று இருந்தது, ஆகவே பொங்கல் முடியட்டும், கோடை வரட்டும் என்று தள்ளாதீர்கள்.

ஆடிட்டர்_மாமா

வக்கீல் சார், ஒரு சந்தேகம். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருந்தால் சிறுதொழில் சட்டத்தில் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. மேஸ்திரியை அந்த வழியில் அனுப்பினால் என்ன?

லேபர்_கோர்ட்_வாசல்

இந்த யோசனை பலருக்கும் வரும். அதில் போனால் "நான் ஒரு நிறுவனம்" என்று அவரே எழுதிக் கொடுத்ததாகிவிடும், அப்புறம் லேபர் ஆபீஸில் போய் "நான் தொழிலாளி" என்றால் எதிர்த்தரப்பு அந்த மனுவைத்தான் முதலில் நீட்டும். கட்டுமான ஒப்பந்தம் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதிலும் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. பெரிய சப்-கான்ட்ராக்டருக்கு அது வழி, இவருக்கு வேண்டாம்.

என் யோசனை, மனு அப்பா பெயரில் முதலில் போக வேண்டாம். 14 ஆட்களும் தங்கள் பெயரில், தங்கள் கூலிக்காக, கம்பெனியையும் அந்த அரசு நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாக வைத்துக் கொடுக்கட்டும். மத்திய நிறுவனம் என்பதால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம், அரசின் சமாதான் இணையதளத்திலும் பதியலாம். அப்பா பதினைந்தாவது ஆளாக, கம்பி கட்டின கூலிக்காக மட்டும் சேரலாம். கம்பெனி அவரை முதலாளி என்று காட்டப் பார்க்கும். தன் ஆட்களோடு சேர்ந்து நிற்கிறவரை முதலாளி என்று நிலைநாட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

சென்ட்ரிங்_சித்தப்பு

ஆட்கள் மேஸ்திரிக்கு எதிராக எழுதிக் கொடுக்கச் சொல்லி கம்பெனி ஆள் வீட்டுக்கு வருவான், பாருங்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் உடைத்தார்கள். "உங்கள் பாக்கியை நாங்கள் தருகிறோம், மேஸ்திரி ஏமாற்றினான் என்று ஒரு வரி எழுதிக் கொடு" என்று. முன்கூட்டியே ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

மேஸ்திரி_மகன்

ஏற்கெனவே வந்தார்கள் சித்தப்பு, போன வாரம். ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் இன்னும் பணம் வரவில்லை, அதனால் நேற்று அவரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், வாட்ஸ்அப்பில் பேசினேன், கையெழுத்து வேண்டுமென்றால் வருகிறோம் என்கிறார்கள்.

26ஏ.எஸ். எடுத்துப் பார்த்தோம். ஆடிட்டர் மாமா சொன்னது சரி, கடைசி இரண்டு மாதம் அம்மா பெயரில் ஓடியிருக்கிறது. அம்மா பான் கார்டைப் பேங்க் லோனுக்கு என்று வாங்கிப் போனார்களாம். வக்கீல் சார், அந்த இரண்டு மாதத்துக்கு ஒர்க் ஆர்டர்கூட எங்களிடம் இல்லை, அம்மா எதிலும் கையெழுத்துப் போடவும் இல்லை. நோ டியூ பேப்பர் நகலும் தரவில்லை. இது நமக்கு நல்லதா கெட்டதா?

லேபர்_கோர்ட்_வாசல்

நல்லது. கையெழுத்தே போடாத, சைட்டுக்கே வராத ஒரு பெண்ணை கான்ட்ராக்டர் என்று காட்டியிருக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய சாட்சி நீங்கள் தேடினாலும் கிடைக்காது. அந்த இரண்டு மாதமும் 14 பேர் அதே கேட் வழியாக உள்ளே போயிருக்கிறார்கள், அதே இன்ஜினியருக்குக் கீழே. கேட் பாஸ், சேஃப்டி இன்டக்‌ஷன் அட்டை, சைட் வாட்ஸ்அப் குரூப்பில் இன்ஜினியர் "நாளைக்கு பி பிளாக் பில்லர் முடிக்கணும்" என்று போட்ட மெசேஜ், எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குரூப்பை விட்டு உங்களை நீக்குவதற்குள்.

பில்லிங்_கை

டிஸ்பென்சரி ரிஜிஸ்டரையும் மறக்காதீர்கள். சைட்டில் கை கிழிந்து மருந்து போட்டுக்கொண்ட ஆள் யாராவது இருந்தால் அதில் பெயரும் தேதியும் கம்பெனி பெயரோடு இருக்கும். அதை யாரும் திருத்திப் பார்த்ததில்லை, யாரும் கேட்டதே இல்லை என்பதால்.

மேஸ்திரி_மகன்

ரெண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தையல் போட்டது, ஜூலையில். சீட்டு இருக்கிறதா என்று இப்போதே கேட்கிறேன்.